திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தது யார்?

"அம்மா, உங்க ரிட்டர்ன் டிக்கெட் ரத்தாகியிருக்கு. இப்படியே ஏத்த முடியாது."

கவுண்ட்டர் பெண் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்தாள். "நல்லாப் பாரு கண்ணு. காலையில வீட்டுல என் பையன் போன்ல காட்டினான். போறது, வர்றது ரெண்டும் இருந்துச்சு."

பக்கத்தில் நின்ற மகன் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

மணி பன்னிரண்டே முக்கால். கவுண்ட்டர் மூட இன்னும் அரை மணி நேரம். விசிட் விசாவில் போகிறவர்களிடம் திரும்பி வரும் டிக்கெட் இல்லாவிட்டால் ஏற்றக் கூடாது. மீறி ஏற்றினால், அங்கிருந்து திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமானக் கம்பெனியின் தலையில் விழும். சற்று முன்னால்கூட முதுகுப்பையோடு வந்த ஒருவனை இதற்காகவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவன் போட்ட கூச்சல் வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது.

சூப்பர்வைசர் வந்தாள். எதையும் துருவாமல் விடமாட்டாள் என்பதால் கவுண்ட்டர் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிஐடி அக்கா.

"எங்கம்மா போறீங்க?"

"மக வீட்டுக்கு. தலைப்பிரசவம். அடுத்த வாரம் தேதி குடுத்திருக்காங்க."

சிஐடி அக்கா திரையைப் பார்த்தாள். ரத்து செய்த நேரம் இன்று பன்னிரண்டு இருபது, இணையதளம் வழியாக. போகிற டிக்கெட் அப்படியே இருந்தது.

"டிக்கெட் நம்பர் யார் யார்கிட்ட இருக்கு?"

"போட்டுக் குடுத்த ஏஜென்ட், என் மாப்பிள்ளை, இதோ இவன்."

"மாப்பிள்ளை வேலைதான்," என்று கவுண்ட்டர் பெண் முணுமுணுத்தாள். "மாமியார் வந்து டேரா போட்டா யாருக்குப் பிடிக்கும்?"

"லூசு, மாமியார் வேணாம்னா போற டிக்கெட்டை வெட்டுவானா, வர்ற டிக்கெட்டை வெட்டுவானா?" என்ற சிஐடி அக்கா மகனிடம் திரும்பினாள். "இப்பவே வேற ரிட்டர்ன் போட்டா ஏத்திடலாம் தம்பி."

"வேணாம் மேடம். இன்னொரு நாள் அனுப்பிக்கறேன். வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

"பிரசவம் உன்னைக் கேட்டுக்கிட்டாடா வரும்?" என்று அம்மாள் சீறினாள்.

சிஐடி அக்கா மகனைத் தூண் பக்கம் கூட்டிப் போனாள்.

"வரிசையில எப்ப வந்து நின்னீங்க?"

"பன்னெண்டு இருக்கும்."

"முதுகுப்பைக்காரன் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அவனை அனுப்பினது பன்னெண்டேகாலுக்கு. அஞ்சே நிமிஷத்துல உங்கம்மா டிக்கெட் போயிடுச்சு. பண்ணது நீங்கதான்."

அவன் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"ஏஜென்ட் காசுக்காகப் பண்ணியிருந்தா ரெண்டையும் வெட்டியிருப்பான். வர்ற டிக்கெட் இல்லன்னா ஏத்தமாட்டோம்னு நீங்க வரிசையில நின்னுதான் தெரிஞ்சுக்கிட்டீங்க. அதை விடுங்க. பயணம் நின்னு போச்சுன்னா யாரா இருந்தாலும் அங்க காத்திருக்கிறவங்களுக்குத்தான் முதல்ல போன் போடுவாங்க. இங்க இவ்ளோ நடந்தும் நீங்க கூடப் பொறந்தவங்களுக்குப் போடவே இல்ல. ஏன்?"

அவன் முகம் கோணியது. "போட்டா எடுக்க அக்கா இல்ல மேடம்."

காரில் வரும்போது அக்காள் புருஷன் அழைத்திருந்தார். திடீரென்று வலி, அவசர ஆபரேஷன். குழந்தை பிழைத்தது. அக்கா பிழைக்கவில்லை. அவன் போனைக் காதில் வைத்தபடி உறைந்திருக்க, பக்கத்தில் அம்மா, "ஆபீஸா? லீவு நாள்லயும் உசுரை வாங்கறானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே போவாங்க மேடம். அப்படி எப்படித் தனியா அனுப்புவேன்? சொல்லவும் வாய் வரல. நீங்க முடியாதுன்னுட்டா, வீட்டுக்குக் கூட்டிப் போய் மெதுவா..."

இப்படி எத்தனையோ பேரின் குட்டை உடைத்தவள் சிஐடி அக்கா. இன்று ஏன்தான் துருவினோமோ என்றிருந்தது அவளுக்கு.

"டிக்கெட் இல்லன்னு நாங்க சொல்லலாம் தம்பி. இதை நீங்கதான் சொல்லணும். கடைசியா ஒரு தடவை மக முகத்தைப் பாக்க விடுங்க. விமானத்துல பக்கத்துலயே இருந்து கவனிச்சுக்க ஆள் ஏற்பாடு பண்றேன்."

அவன் போய்ச் சொன்னான். அம்மாள் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"குழந்தை?"

"பொண்ணும்மா. நல்லா இருக்கு."

கவுண்ட்டர் மூடச் சில நிமிடங்களே இருக்கும்போது எழுந்து வந்து கவுண்ட்டரில் பாஸ்போர்ட்டை வைத்தாள். "என்னை ஏத்தி விடு கண்ணு."

கவுண்ட்டர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரிட்டர்ன் எந்தத் தேதிக்குப் போடட்டும்மா?"

அம்மாள் மகனைப் பார்த்தாள்.

"தேதியா?" என்றாள். "அந்தப் புள்ளைய விட்டுட்டு நான் எந்தத் தேதியில கண்ணு கிளம்புவேன்?"