நாலு பதினேழு

அவள் ஒட்டியது, அவள் நகலெடுத்தது அல்ல.

விண்டோஸ் ஜன்னலிலிருந்து அறிக்கை எண் நாற்பத்திரண்டை நகலெடுத்து, இந்தப் பக்கம் லினக்ஸில் மேனேஜருக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தில் ஒட்டினாள். எண் வரவில்லை. ஒரு வரி வந்தது.

"அக்கா இன்னும் டீ வாங்கிட்டு வரலையா?"

அழித்தாள். மறுபடி நகலெடுத்து மறுபடி ஒட்டினாள். இம்முறை நாற்பத்திரண்டு ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. எப்போதோ தானே யாருக்கோ அடித்த வரியாக இருக்கும் என்று தோளைக் குலுக்கிக்கொண்டாள். ஆனால் அவள் அக்காவிடம் டீ கேட்டதே இல்லை. அவளுக்கு டீ ஆகாது.

சனிக்கிழமை பிற்பகல். ஏழாம் மாடி அலுவலகத்தில் அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. ஏசி ஓடாததால் தரைவிரிப்பிலிருந்து பழைய தூசும் பசையும் கலந்த சூடான வாடை எழுந்தது. வெயில் மேசைகளின் மேல் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டியின் மேல் ஒரு புறா, தொண்டையில் எதையோ உருட்டிக்கொண்டே இருப்பதைப் போல, விடாமல் குமுறிக்கொண்டிருந்தது.

லிஃப்டுகளின் பிரேக்கைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம் அது. கட்டடங்களில் எடுத்த அளவுகளை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்வது அவள் வேலை. அந்த மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அவளோ லினக்ஸ்காரி. கல்லூரியில் படிக்கும்போது கிடைத்த ஓட்டைக் கம்ப்யூட்டரில் அதுதான் ஓடியது. அதிலேயே கற்றாள், அதிலேயே நின்றுவிட்டாள். லினக்ஸின் சின்னம் பென்குயின் என்பதால் ஆபீசில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "பென்குயின் நடந்து வருது பாரு" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அதனால் அவளுடைய லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ் ஓடியது. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். வீட்டுக்குள் வாடகைக்கு விட்ட அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் என்னவென்றால், உள்ளே இருப்பதற்குத் தான் உள்ளே இருப்பது தெரியாது. அதுதான் உலகம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அந்த ஜன்னலின் மூலையில் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்கும். அவற்றை அழுத்தினால் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். பாதி அடித்த சொல் பாதியாகவே நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து எழுப்பினாலும் சரி, ஒரு வருஷம் கழித்து எழுப்பினாலும் சரி, விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் போன காலம் அதற்குத் தெரியவே தெரியாது.

அதைக் கொடுத்தவள் அக்கா.

கூடப் பிறந்தவள் அல்ல. அடுத்த மேசைக்காரி, ஒரே வாடகை வீட்டில் அடுத்த கட்டில்காரி. நேர்காணலன்று இவளுடைய செருப்பு வார் அறுந்தபோது தன் காலிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்றவள். காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டவள்.

"உனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவளும் உன்ன மாதிரி லினக்ஸ் பைத்தியந்தான்" என்று முதல் நாளே சொன்னாள். "சுருட்டைன்னு கூப்பிடுவோம், முடி அப்படி. ஒரு நாள் சொல்லாம கொள்ளாம வேலைய விட்டு ஓடிட்டா. அவ விண்டோஸ் அப்படியே கிடக்கு, எடுத்துக்கோ குட்டி. புதுசா எதுக்கு உக்காந்து போடணும்? ஒண்ணே ஒண்ணு, ஷட் டவுன் மட்டும் பண்ணிடாத. ஃப்ரீஸ் பண்ணி வை, போதும்."

நான்கு மாதமாக அப்படித்தான் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் உள்ளே இருந்த கடிகாரம் ஒரு கண் இமைக்கும் நேரம் 4:17 என்று காட்டிவிட்டுச் சரியான நேரத்துக்குத் தாவும். சுருட்டை கடைசியாக உறைய வைத்த நேரமாக இருக்கும் என்று அவளே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமைதான் அவளுக்கு டிஜிட்டல் கையெழுத்து உரிமை வந்தது. அவள் அப்பா இன்றைக்கும் கைநாட்டு. பெருவிரலில் மை தொட்டு வைத்துவிட்டு, மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். யாராவது பார்த்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் படித்தாள்.

"நீ கையெழுத்துப் போட்டாத்தான் லிஃப்டு ஓடுமா?" என்று போனில் அம்மா கேட்டாள்.

"போட்டாத்தான்மா ஓடும்."

"உங்கப்பா பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டிருக்காரு. லிஃப்டையே பார்த்ததில்ல மனுஷன்."

பக்கத்தில் நின்ற அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நிஜக் கண்ணீர்.

அறிக்கை நாற்பத்திரண்டு ஒரு மருத்துவமனை லிஃப்ட். ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற லிஃப்ட். வியாழக்கிழமை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பாரம் ஏற்றினால் பிரேக் பிடிக்காமல் வழுக்கியது. ஃபெயில் என்று அக்காவிடம் சொன்னாள். "நான் பார்த்துக்கறேன், விடு" என்றாள் அக்கா. அந்த "விடு" தொண்டையில் முள்ளாக நின்றதால்தான் இன்று வந்தாள்.

அனுப்பிய அறிக்கைகளைத் திறந்தாள். நாற்பத்திரண்டு போய்விட்டிருந்தது. நேற்றே.

பாஸ்.

கீழே கையெழுத்து சுருட்டையுடையது. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஓடிப்போனவளுடையது.

கையெழுத்துப் போட ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். கடவுச்சொல் போட்டால் ஐந்து நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் மெஷினை உறைய வைத்துவிட்டால்? உள்ளே நேரம் நகராது. ஜன்னல் மூடாது. வேண்டும்போதெல்லாம் அந்த நொடிக்கே எழுப்பி, சுருட்டை பெயரில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆளே வேண்டாம். இவ்வளவு எளிமையான திருட்டா?

அப்போதுதான் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மழைச் சத்தம் கேட்டது.

வெளியே வெயில் கொளுத்தியது. புறா குமுறியது. ஹெட்போனுக்குள் மட்டும் கண்ணாடியில் சரஞ்சரமாக மழை அடித்தது. அதற்கு அடியில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவள் அசையாமல் உட்கார்ந்தாள். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. இடது பக்கச் சக்கரத்தின் சத்தம். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சத்தம்.

யாரோ மூச்சு விட்டார்கள். மிக அருகில்.

இந்தப் பக்கம் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து "யார் நீ?" என்று அடித்து, நகலெடுத்தாள். ஒட்டினாள்.

"நீ யாரு? என் சீட்ல உக்காந்திருக்க."

"உள்ளே இப்ப மணி என்ன?" நகலெடுத்தாள். ஒட்டினாள்.

"நாலு பதினேழு. மழை கொட்டுது. அக்கா டீ வாங்கப் போனா. இதோ வந்துடுவா."

கையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அடுத்ததை அவள் அடிக்கவே இல்லை. ஒட்டும் விசையை மட்டும் அழுத்தினாள். வந்தது.

"கையெழுத்து ஜன்னலத் திறக்காத. நான் ஃபெயில் போடத்தான் திறந்தேன்."

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது, எப்போதும்போல. போனை எடுத்தாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான், துணி துவைக்கிறேன். ஏன் குட்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"நாப்பத்திரெண்டு பாஸ்னு போயிருக்கு."

போனில் தண்ணீர்ச் சத்தமே இல்லை.

"சுருட்டை கையெழுத்துல போயிருக்குக்கா."

"அவ கையெழுத்துக்கு இந்த மாசத்தோட கெடு முடியுதுடி." பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள் அக்கா. "எனக்கு அதான் ஒரே கவலையா இருந்துச்சு. இப்ப உன்னுது வந்துடுச்சுல்ல."

"என்ன சொல்றீங்க?"

"அழாத. எதையும் தொடாத. நாளைக்குப் பேசிக்கலாம்."

போனுக்குள் ஒரு மணி அடித்தது. டிங். லிஃப்ட் கதவு திறக்கும் மணி.

அரை நொடி கழித்து, அதே மணி வராந்தாவில் அடித்தது.

போன் கையிலிருந்து நழுவியது. வராந்தாவின் நீளம் அவளுக்குத் தெரியும், நாற்பது அடி. அதற்குள் ஒரு சொடுக்கு போதும். ஃபெயில் என்று தன் கையெழுத்தோடு போய்விட்டால் அந்த லிஃப்ட் நின்றுவிடும். யாரும் சாக மாட்டார்கள். அதற்குத்தானே இந்தக் கையெழுத்து? சுருட்டை சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு வழி நினைவுக்கு வரவில்லை. தன் பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லை அடித்தாள். தப்பு. மறுபடி அடித்தாள். செருப்புச் சத்தம். அவசரமே இல்லாத செருப்புச் சத்தம். ஜன்னல் திறந்தது. பாஸ். ஃபெயில். இரண்டு பொத்தான்கள். அம்பை ஃபெயிலின் மேல் கொண்டு போனாள்.

அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது.

உலர்ந்த கை. துணி துவைத்த கை அல்ல.

"முடியப் பாரு, எப்படிக் கலைஞ்சிருக்குன்னு." அக்கா மறுகையால் அவள் நெற்றி முடியைக் காதோரம் ஒதுக்கினாள்.

"உங்கள நான் அக்கான்னு நெனச்சேன்."

"நானும் தங்கச்சின்னுதான்டி நெனச்சேன். இல்லேன்னா இவ்வளவு பாடுபட்டு உனக்குக் கையெழுத்து வாங்கித் தந்திருப்பேனா?" குரலில் துளிப் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சுருட்டையும் இப்படித்தான், நேர்மைன்னா உயிரு. உங்களாலதான் இந்தக் கையெழுத்துக்கே மரியாத. நான் போட்டா எவன் நம்புவான்?"

கையை உருவப் பார்த்தாள். அக்காவின் விரல்கள் அவள் விரல்களின் மேல் உறைபோலப் பொருந்தியிருந்தன. அம்பு நகர்ந்தது. ஃபெயிலிலிருந்து விலகி மூலைக்குப் போனது. அங்கே இரண்டு செங்குத்துக் கோடுகள்.

அவை ஜன்னலின் மூலையில் இல்லை. அவள் பார்வையின் மூலையில் இருந்தன.

சுவர்க் கடிகாரம் நாலு பதினேழு.

"இரு குட்டி. டீ வாங்கிட்டு வந்துடறேன்."

"எனக்கு டீ ஆகாது..."

சொடுக்கு.

வெளியே ஏசி பெட்டியிலிருந்து எழும்பிய புறா நின்றது. உட்காரவில்லை. காற்றில், சிறகு தூக்கியபடி, நின்றது.

பிறகு சிறகு ஒரு முறை தாழ்ந்தது. அவள் கை தானாகப் போய் பாஸை அழுத்தியது. அறிக்கை ஐம்பத்தொன்று. கீழே அவள் பெயர்.

புறா நின்றது.

சிறகு. எண்பத்தெட்டு. பாஸ்.

சிறகு. நூற்று நாற்பது. பாஸ். கை அவளுடையது. விசை அவளுடையது அல்ல.

சிறகு. இருநூற்று ஆறு.

அக்கா போய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதோ வந்துவிடுவாள். வந்ததும் கேட்க வேண்டும். ஹெட்போனில் மழை நின்றுபோயிருந்தது. அந்த மூச்சும் இல்லை. சுருட்டைக்குக் கெடு முடிந்துவிட்டது.

சிறகு.

இம்முறை எதிரே திரை இல்லை. திரை இருந்த இடத்தில் ஒரு முகம். சுவரளவு பெரிய முகம். பார்த்தறியாத பெண், கனத்த மூக்குக் கண்ணாடி, காதில் ஹெட்போன். புருவத்தைச் சுருக்கிக் குனிந்து அவளைப் பார்க்காமல் பார்த்தாள். பின்னால் அக்கா நின்றாள். காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

அவள் கத்தினாள். அடிவயிற்றிலிருந்து, அப்பா பெயர் சொல்லி, அம்மா பெயர் சொல்லி, தன் பெயர் சொல்லி.

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அக்கா, இதுல ஏதோ இரைச்சல் கேக்குது."

"பழைய மெஷின், அப்படித்தான். நீ லினக்ஸ்தான் வேணும்னு அடம் பிடிச்சியே, அனுபவி." அக்கா சிரித்தபடி அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்தாள். "ஷட் டவுன் மட்டும் பண்ணிடாத குட்டி. ஃப்ரீஸ் பண்ணி வை, போதும்."

அந்தப் பெண்ணின் கண்கள் மூலைக்கு நகர்ந்தன.

வெயிலில், ஏழாம் மாடி ஜன்னலுக்கு வெளியே, புறா ஒரு முறை சிறகைத் தூக்கியது. தூக்கியபடி.