சிப்பித் தெருவுக்கு வந்த கப்பல்

கஸ்பார் ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினான். பல் துலக்கினான். கடுங்காப்பி போட்டான். நேற்றைய ரொட்டியில் இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. காப்பியில் தொட்டு, நின்றபடியே தின்றான். சீருடையை மாட்டினான். ரப்பர் காலணியை அணிந்தான். கதவைப் பூட்டினான். மூன்று ஆண்டுகளாக இந்த வரிசை மாறவில்லை. இன்றும் மாறவில்லை.

மாறியிருந்தது தெரு. விடிந்தும் விடியாத நேரத்திலேயே சிப்பித் தெரு முழுக்க விழித்திருந்தது. ஆறு கிரைண்டர்கள் வீட்டைவிட்டு வெளியேறி நடுச்சாலைக்கு வந்திருந்தன. இஸ்திரி போடும் ஞானமுத்து, ஊர்ப்பட்ட துணியை மலைபோல் குவித்துவைத்து, இன்னும் சூடேறாத பெட்டியோடு காத்திருந்தார். யாரோ ஒரு ஐஸ் எந்திரத்தை வாடகைக்கு எடுத்து இறக்கியிருந்தார்கள். மக்ரூன் போடுகிறவர்கள் முட்டையை உடைத்து வெள்ளையைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல கஸ்பாரு!" என்று இட்லிமாவுக் கடை பிலோமி அக்கா கூப்பிட்டாள். அவளைச் சுற்றி அரிசி ஊறிய அண்டாக்கள். "பொண்டாட்டி வாறா. அந்தச் சாயம்போன சட்டைய இன்னைக்காவது மாத்துனா என்னவாம்?"

"இது சீருடை அக்கா."

"சீருடையாம்ல! கல்யாணத்துக்கே நீ துறைமுகத்துல இருந்து இந்தச் சட்டையோடதான் ஓடி வந்த. ஜெசிந்தா அதச் சொல்லிச் சொல்லி ரெண்டு வருஷம் சிரிச்சா. போ, போய்க் கரண்ட அனுப்பு. அரிசி ஊறிப்போய்க் கெடக்கு."

அவன் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தான். வருவது கப்பல்தான். அதற்கு அவன் மனைவி ஜெசிந்தாவின் பெயரை வைத்திருந்தார்கள். இன்று முதல்முறையாகத் தூத்துக்குடிக்கு வருகிறது.

எண்ணெய் எரித்த காலத்தில் கப்பல்கள் தலைதெறிக்க ஓடிவந்து, துறைக்கு வெளியே நங்கூரம் போட்டு, பத்து நாள் புகைவிட்டபடி இடத்துக்குக் காத்துக் கிடக்குமாம். பள்ளிப் பாடத்தில் இதைப் படிக்கும் பிள்ளைகள் நம்புவதில்லை. சும்மா நிற்பதற்கு ஏன் அவ்வளவு வேகமாக வந்தார்கள் என்று ஆசிரியரைக் கேட்பார்கள். ஆசிரியருக்கும் பதில் தெரியாது.

இப்போது கப்பல்கள் காற்றில் வருகின்றன. தளத்தின்மேல் பத்து மாடி உயரத்துக்குச் சிறகுப்பாய்கள் நிற்கும். வரும்போதே அடியில் நீர்ச்சுழலிகள் சுழன்று மின்கலங்களை நிரப்பும். காற்று நின்றால் அந்த மின்சாரத்தில் ஓட்டலாம். ஆனால் அவசரப்பட்டு ஓட்டினால் மின்கலம் காலி. நிதானமாக வந்தால் நிறைய மிஞ்சும். துறையில் கட்டியதும் அந்த மிச்ச மின்சாரம் முழுவதையும் கரைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். திரும்பப் போகும்போது கடல் மறுபடி நிரப்பிக்கொள்ளும்.

கொடுப்பது ஊருக்கு அல்ல. ஒரே ஒரு தெருவுக்கு. எந்தக் கப்பல் எந்தத் தெருவுக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கப்பல் துறையில் இருக்கும் வரை அந்தத் தெருவில் மின்சாரம் இலவசம். எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கலாம், அரைக்கலாம், குளிரவைக்கலாம். பதிலுக்குத் தெரு ஒன்று செய்ய வேண்டும். மாலுமிகள் அத்தனை பேருக்கும் ஒருவேளைச் சாப்பாடு போட வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் போடாத தெரு இதுவரை இல்லை.

இந்த ஏற்பாட்டைச் சொன்னவள் ஜெசிந்தா. துறைமுகத்தின் மின்கணக்குப் பிரிவில் பொறியாளர். 'பொது வயரில் கலந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஒரு தெருவுக்குக் கொடுத்தால் கப்பலுக்காகக் காத்திருப்பார்கள்' என்று குறிப்பு எழுதினாள். மேலதிகாரிகள் சிரித்தார்கள். ஒரு மாதம் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்தாவது கப்பல் வந்தபோது மேலதிகாரி ஒருவரே தன் வீட்டு வாஷிங்மெஷினைத் தூக்கிக்கொண்டு மைத்துனர் தெருவுக்குப் போனார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. தன் தெருவுக்கு ஒரு கப்பல் விழுவதை மட்டும் பார்க்காமலே மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் போய்விட்டாள். இன்று விழுந்திருக்கிறது. அதுவும் அவள் பெயர்கொண்ட கப்பல். சீட்டில் ஏதோ தில்லுமுல்லு என்று பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

கஸ்பாரின் வேலை இணைப்பு. கப்பலின் மின்வாயையும் கரையின் மின்வாயையும் பெரிய கம்பியால் சேர்ப்பது. அவன் கப்பல் வந்து நிற்கும் தளமேடைக்கு வந்து இணைப்புக்கையைச் சோதித்தான். எண்ணெய் விட்டான். துடைத்தான். அப்போது தெயோபில் வந்து சேர்ந்தான். ஜெசிந்தாவின் அண்ணன். பட்டுவேட்டி, கழுத்தில் துண்டு, கையில் சிவப்புத் துணி மூடிய ஒரு பித்தளைத் தகடு.

"மாப்ள, பாரு. எப்டி வந்திருக்கு?" என்று துணியை விலக்கினான்.

தகட்டில் ஆழமாக வெட்டியிருந்தது: 'கடலே, இனி நீ மூச்சு விடு.'

ஆள் பெயர் வைத்த கப்பலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த ஆள் கடைசியாகச் சொன்னது எதுவோ, அதைச் சுக்கான் அறையின் வாசல் நிலைக்கு மேலே எழுதுவார்கள். மாலுமிகள் கரையை விட்டுக் கிளம்பும்போது அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஜெசிந்தாவை அடக்கம் செய்த அன்று யாரோ மைக்கை நீட்டித் தெயோபிலிடம் கேட்டார்கள், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று. அழுதுகொண்டிருந்தவன் வாயில் வந்ததைச் சொன்னான். பக்கத்தில் நின்ற கஸ்பார் தலையாட்டினான். அன்றைக்கு யார் எதைக் கேட்டாலும் தலையாட்டினான். அந்த வாக்கியம் பத்திரிகையில் வந்தது. இன்றைய அழைப்பிதழிலும் வந்துவிட்டது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. உண்மையில் என்ன சொன்னாள் என்பது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். இன்று தகடு ஏறிவிட்டால் அது அவனோடு முடிந்துவிடும். முடியட்டும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

"நல்லாருக்கு மச்சான்," என்றான்.

ஒன்பது மணிக்குத் தொடுவானத்தில் சிறகுகள் தெரிந்தன. பத்தரைக்கும் அங்கேயேதான் தெரிந்தன. தளமேடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிப்பித் தெருவில் பாதி இங்கேதான் நின்றது. "பாருங்கல, நகருதான்னே தெரியல!" என்று ஒருவர் கத்தினார். உடனே விசில் பறந்தது. தங்கள் கப்பல் ஊர்ந்து வருகிறது என்பதைவிடத் தெருவுக்குப் பெருமை வேறில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் வயிறெரிந்தார்கள்.

பதினொன்றேகாலுக்கு ஜெசிந்தா அலைத்தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். வெள்ளைச் சிறகுகள் ஒவ்வொன்றாக மடிந்தன. சத்தமே இல்லை. மேடையின் எண்பலகையில் மிச்ச மின்சாரத்தின் அளவு ஒளிர்ந்தது: தொண்ணூற்றொரு விழுக்காடு. துறைமுகத்தில் இதுவரை எந்தக் கப்பலும் எண்பத்துநான்கைத் தாண்டியதில்லை. பிலோமி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடவே தொடங்கிவிட்டாள்.

கஸ்பார் இணைப்புக்கையை நகர்த்தினான். மின்வாய்கள் கவ்விக்கொண்டன. பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆறு கிரைண்டர்கள் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கியிருக்கும்.

கேப்டன் சுலைஹா காயல்பட்டினத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். தலைத்துணிக்கு மேல் தொப்பி வைத்திருந்தார். கஸ்பாரையும் தெயோபிலையும் சுக்கான் அறைக்கு அழைத்துப் போனார். நிலைக்கு மேல் வெறும் மரப்பலகை. கீழே ஒரு டப்பாவில் நீலச்சாயம், ஒரு தூரிகை. பக்கத்தில் ஒலிபெருக்கி மைக். வாசகத்தை வீட்டுக்காரர் சொல்ல, கூட்டம் கேட்க, கேப்டன் தன் கையால் எழுத வேண்டும்.

தெயோபில் தகட்டை நீட்டினான். சுலைஹா வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அழகா இருக்கு. ஆனா இது யாரு சொன்னது?"

"எந் தங்கச்சிதாங்க."

"தம்பி, நான் ஆள் பேரு வச்ச ஏழு கப்பல்ல வேலை பாத்திருக்கேன். ஒண்ணுல 'ஃபேனைக் கொஞ்சம் குறை'ன்னு எழுதியிருந்துச்சு. இன்னொண்ணுல 'பால் பொங்குது பாரு'. அந்தப் பால் கப்பல்ல பதினோரு வருஷம் இருந்தேன். புயல் அடிச்ச அன்னைக்கெல்லாம் பயலுவ அதைத் தொட்டுட்டுச் சிரிப்பானுவ. பொய்யை எழுதுனா தொட மாட்டானுவ. எப்படியோ கண்டுபிடிச்சிருவானுவ." கஸ்பார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. என்ன சொன்னாங்க?"

கஸ்பார் தரையைப் பார்த்தான். "சாதாரணமா ஒண்ணு சொன்னா."

தெயோபிலின் முகம் சுருங்கியது. "அப்போ நான் சொன்னது..."

"இல்ல மச்சான். போன்ல பேசினோம். அன்னைக்கு அவ அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம், ரெண்டு பேரும் போகணும். வேலை முடிஞ்சு கிளம்புறேன்னு சொன்னேன். அவ ஒண்ணு சொன்னா. அவ சொன்னபடியே நான் செஞ்சேன். வழியில டீ குடிச்சேன். சைக்கிளைத் தள்ளிட்டே வந்தேன். வீட்டுக்குப் போனா..." அவன் நிறுத்தினான். "மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சு. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், பக்கத்து அறையில இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அது தெரியும். ஆனாலும் அந்த டீயை என்னால மறக்க முடியல."

கீழேயிருந்து மேளச் சத்தம் வந்தது.

"வேணாம்னா பலகை வெறுமையா இருக்கட்டும். வற்புறுத்தல," என்றார் சுலைஹா. தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தார்.

கஸ்பார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். ஊரின் கூரைகளுக்கு நடுவே சிப்பித் தெரு மட்டும் பட்டப்பகலில் பளிச்சிட்டது. கிறிஸ்துமஸ் சரவிளக்கு முழுவதையும் எடுத்துப் போட்டு எரியவிட்டிருந்தார்கள். நண்பகல் வெயிலில் யாருக்கும் பயன்படாத வெளிச்சம். கிடைத்திருக்கிறது, அதனால் எரிகிறது.

"எப்படிங்க தொண்ணூத்தொண்ணு?" என்று கேட்டான்.

"கொச்சி தாண்டினதும் காத்து செத்துப்போச்சு. மோட்டாரைப் போடலாம்னு பயலுவ கேட்டானுவ. எதுக்கு, யாரு துரத்துறான்னேன். ரெண்டு நாள் அப்படியே மிதந்தோம். மீன் பிடிச்சோம். ஒருத்தன் நீச்சல் கத்துக்கிட்டான். அந்த ரெண்டு நாள்தான் இப்ப உங்க தெருவுல எரியுது."

கஸ்பார் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து தெயோபில் பதறிக்கொண்டு பிடித்தான். அழவில்லை. மூன்று ஆண்டுகளாக வராத ஒன்று வந்துவிட்டது. அதை அடக்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாப்ள, என்ன சிரிக்க? என்னல ஆச்சு?"

"மச்சான், அந்த மைக்கை இங்க கொடுங்க."

மைக்கைப் பிடித்து அவன் சொன்னான். இரண்டே வாக்கியம். துறைமுகத்தின் பன்னிரண்டு ஒலிபெருக்கிகளிலும் அது ஒலித்தது. மேளம் நின்றது. பிறகு எங்கேயோ கூட்டத்தின் நடுவிலிருந்து பிலோமி அக்காவின் சிரிப்பு வெடித்தது. "அய்யோ, அவளேதான்! அவளேதான்ல!" அந்தச் சிரிப்பு பற்றிக்கொண்டு தளமேடை முழுக்கப் பரவியது. பாரந்தூக்கி ஓட்டுகிறவர் மேலே தன் கூண்டுக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துத் தெருக்காரர்களும் சிரித்தார்கள். கப்பல் ஊர்ந்து வந்த காரணம் புரிந்துவிட்டது, சீட்டில் தில்லுமுல்லு இல்லை என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

தெயோபில் தகட்டைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கண்ணில் நீர் வழிய அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் கௌரவத்தை முற்றாக விட்டுவிட மனம் வரவில்லை. "கேப்டன், அந்த ரெண்டாவது வாக்கியத்தை மட்டும் விட்டுரலாமா? அத்தனை பேரு பாக்கிறது..." என்றான்.

மைக் அணைக்கப்படவில்லை. கீழேயிருந்து நானூறு குரல்கள் ஒன்றாக எழுந்தன: "விடக்கூடாது!"

"மக்கள் தீர்ப்பு," என்று சொல்லி சுலைஹா தூரிகையை நீலத்தில் தோய்த்தார். நாற்காலியில் ஏறி நின்றார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் உருட்டி உருட்டி எழுதினார். மாலுமிகள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். படித்தார்கள். ஈரம் காயும் வரை பொறுக்காமல் ஒருவன் தொட்டுவிட்டான். அவன் விரலில் நீலம் ஒட்டியது. அந்த விரலோடேதான் அவன் சிப்பித் தெருவுக்குச் சாப்பிடப் போனான்.

கஸ்பார் கடைசியாக இறங்கினான். இறங்குமுன் ஒருமுறை நிமிர்ந்து படித்தான். அவள் சொன்னது சொன்னபடியே இருந்தது.

'மெதுவாவே வாங்க. நான் இன்னும் குளிக்கவே இல்ல.'