கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு

ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

இன்று ஒரு தவறு செய்தேன். ‘அப்பா, கதவைத் திறங்க’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அப்பா, காப்பியைத் திறங்க’ என்று சொல்லிவிட்டேன். ஹெட்போனில் யாரோ காப்பி கேட்டார்கள். அது என் வாய்க்குள் வந்துவிட்டது. கவனமாக இருந்திருந்தால் வந்திருக்காது. தவறு என்னுடையதுதான்.

எழுதியதைப் பொன்மணி மறுபடி படித்துப் பார்த்தாள். மாலை வகுப்பு டீச்சர் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். காப்பியைத் திறந்த கதையைப் படித்தால் வகுப்பே சிரிக்கும். பொன்மணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய அம்மா தேவானை சினிமாவுக்குக் குரல் கொடுப்பவர். கதாநாயகிக்கு அல்ல, கும்பலுக்கு. படத்தில் சந்தை வந்தால் சந்தை இரைச்சல், கல்யாணம் வந்தால் பந்திப் பேச்சு, வெள்ளம் வந்தால் ‘ஐயையோ!’. நாலைந்து பேரோடு சேர்ந்து ஒரே மைக்கில் கத்திவிட்டு வருவார். எத்தனையோ படங்களில் பேசியிருக்கிறார். எதிலும் அவர் குரல் தனியாகக் கேட்டதில்லை.

இப்போது பொன்மணிக்குத் தனிக் குரல் கிடைத்திருந்தது. ஒரு படத்தில் வரும் சிறுமிக்கு முதலிலிருந்து கடைசிவரை அவள்தான் பேச வேண்டும். ஆனால் முதல் நாளே வெள்ளக் காட்சியில் மாட்டிக்கொண்டாள். எத்தனை முறை பேசியும் சரியாக வரவில்லை.

உதவி இயக்குநர் பிரபு கடைசியில் அம்மாவிடம் சொன்னார். “நாளைக்கு இன்னொரு வாட்டி பாப்போம்க்கா. வரலன்னா வேற பொண்ணைக் கூப்ட வேண்டியதுதான். தப்பா நெனச்சிக்காதீங்க.”

அம்மா பொன்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சத்தத்தோடு சண்டைக்குக் கிளம்பிவிட்டார். டிவியின் வயரைப் பிடுங்கினார். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினார். பக்கத்து வீட்டு ஜன்னலைத் தட்டினார்.

“மதுமதி, இன்னிக்கு மிக்சி போடாத. எங்க பொன்மணி வசனம் படிச்சிக்கினு கீது.”

“அப்ப சட்னிக்கு இன்னா பண்றது?”

“ஊறுகா தொட்டுக்கோ!”

எல்லாவற்றையும் அடக்கினாலும் வடபழனி பஸ் டெப்போவை யார் அடக்குவது? தெருமுனையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. பொன்மணி அந்த ஹாரனுக்கு நடுவே வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜன்னல் பக்கம் போனாள். “அக்கா, மிக்சி போடுங்க!”

மதுமதி அக்கா சந்தோஷமாகப் போட்டார். வசனம் தப்பவில்லை.

“அம்மா, சந்தைக் கும்பல் மாதிரி கத்தேன்.”

“இன்னாடி வெளாட்றியா?” என்று கேட்டாலும் அம்மா கத்தினார். வாய்க்கு வந்ததை லபலபவென்று கத்தினார். அப்போதும் தப்பவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. பெரியம்மா. அம்மா மூலைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். “இல்லக்கா, பொன்மணிக்குப் பயம் போல கீது. நேத்து வரவே இல்ல...”

“அப்பா, கதவை...” என்று தொடங்கிய பொன்மணி அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த சொல் எங்கோ போய்விட்டது.

இப்போது புரிந்தது. சத்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. பேச்சுதான் செய்தது. அதிலும் தன்னைப் பற்றிய பேச்சு என்றால், கூப்பிடாமலேயே காது அங்கே ஓடிவிடுகிறது.

‘ஆனால் டப்பிங்கில் ஹெட்போனுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறார்களே’ என்று நினைத்தாள். ‘எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் போலிருக்கிறது. பெரியவர்கள் அதையும் கேட்டுக்கொண்டே பேசிவிடுவார்கள். எனக்குத்தான் போதாது.’

மத்தியானம் இருவரும் டப்பிங் கூடத்துக்குப் போனார்கள். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே மைக் முன்னால் பொன்மணி தனியாக நின்றாள். கனமான கதவு மூடிக்கொண்டது.

எதிரே தடித்த கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஷஃபியுல்லா, காதில் ஹெட்போனோடு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மேஜை. அங்கே பிரபு. மேஜையில் ஒரு முறுக்கு டப்பா.

“ஆரம்பிக்கலாமா கண்ணு?” என்று ஷஃபியுல்லா தன் மேஜையிலிருந்த பொத்தானை அமுக்கிக் கேட்டது ஹெட்போனில் வந்தது.

“சரி மாமா.”

திரையில் காட்சி ஓடியது. பூட்டிய அறைக்குள் தண்ணீர் ஏறுகிறது. சிறுமி கதவைத் தட்டுகிறாள். அவள் வாய் திறக்கும் அதே நொடியில் பொன்மணி பேச வேண்டும்.

“அப்பா! கதவைத் திறங்க! தண்ணி...”

‘அந்தப் பொண்ணு எங்க கீது? கிளம்பிடுச்சா?’ என்றது ஹெட்போனில் பிரபுவின் குரல்.

திரையில் சிறுமியின் வாய் அசைந்தது. பொன்மணியின் வாய் அசையவில்லை.

“பரவால்ல, இன்னொரு வாட்டி போலாம்” என்றார் ஷஃபியுல்லா.

மறுபடி காட்சி. மறுபடி தண்ணீர்.

‘இது வேலைக்கு ஆகாதுப்பா. அந்தம்மா வெளிய உக்காந்துகினு கீது. மூஞ்சியப் பாத்தா சொல்லவே மனசு வரல. நீ அந்தப் பொண்ணைச் சீக்கிரம் அனுப்பு.’

“அப்பா... திறங்க...” பொன்மணியின் குரல் கம்மிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரபு போனில் பேசிக்கொண்டிருந்தார். இனி ஒரே ஒரு முறைதான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அழுகை முட்டியது. அழக் கூடாது என்று கண்ணை அகல விழித்து நேராகப் பார்த்தாள்.

பிரபு முறுக்கு எடுப்பதற்காக டப்பாவைக் கையில் தூக்கினார்.

டக்!

ஹெட்போனில் ஒரேயடியாக அமைதி. பிரபுவின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. ஆனால் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அவர் டப்பாவை மறுபடி மேஜைமேல் வைத்தார்.

டக்! ‘...ஆமாம்பா, வடபழனிதான்’ என்று குரல் திரும்பி வந்தது.

பொன்மணி மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஷஃபியுல்லாவின் மேஜையில் இருப்பதைப் போலவே பிரபுவின் மேஜையிலும் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால்தான் அங்கே பேசுவது இங்கே கேட்கும். முறுக்கு டப்பா அந்தப் பொத்தான்மேல் உட்கார்ந்திருந்தது!

அப்படியென்றால் எல்லோருக்கும் இப்படிக் கேட்பதில்லை.

உடனே மைக்கில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சொன்னால் ஷஃபியுல்லா மாமாவுக்கும் கேட்கும். எல்லோர் முன்னாலும் பிரபு அண்ணன் திட்டு வாங்குவார். அவர் மோசமானவரும் இல்லை. அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வராதவர்தானே?

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

பிரபு போனைச் சட்டென்று மறைத்தார். “இன்னா பாப்பா?”

“அண்ணா, பசிக்குது. முறுக்கு குடுக்கறீங்களா?”

“இப்பவா?”

“டப்பாவ நானே வச்சிக்கறேன். பேசி முடிச்சிட்டுத் தரேன்.”

பிரபு ஏதும் புரியாமல் தலையாட்டினார். பொன்மணி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். டப்பாவைத் தூரமாக ஓர் ஓரத்தில் வைத்தாள். குலுங்கினால் அதுவும் பதிவாகிவிடும்.

ஹெட்போனை மாட்டினாள். அமைதி. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

“கடைசி வாட்டி, கண்ணு” என்றார் ஷஃபியுல்லா.

தண்ணீர் ஏறியது. சிறுமி கதவைத் தட்டினாள்.

“அப்பா! கதவைத் திறங்க! தண்ணி ஏறுது! நான் இங்கதான் இருக்கேன்! அப்பா!”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரபு எழுந்து நின்றுவிட்டார். கடைசி ‘அப்பா’வில் அவர் கையிலிருந்த போன் மெல்லக் கீழே இறங்கியது.

ஷஃபியுல்லா கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு ஏதோ யோசனையோடு பின்னால் திரும்பி, பிரபுவின் மேஜையில், பொத்தான் அமுங்கினால் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு இப்போது அணைந்திருந்ததைப் பார்த்தார். ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்பது பொன்மணிக்குக் கேட்கவில்லை. ஆனால் பிரபுவின் முகம் போன போக்கில் புரிந்துவிட்டது.

பிரபு கதவைத் திறந்து உள்ளே வந்தார். “பாப்பா, நான் பேசுனது உனக்குக் கேட்டுச்சா?”

“முறுக்கு கடிக்கிறதுகூடக் கேட்டுச்சுண்ணா.”

“நேத்து காப்பி?”

“அதுவும்.”

பிரபு தலையைச் சொறிந்தார். “ஏன் சொல்லல?”

“எல்லாருக்கும் அப்டிதான் கேக்கும்னு நெனச்சேன். எனக்குத்தான் கவனம் பத்தலன்னு...”

பிரபு அவள் எதிரிலேயே போனை எடுத்தார். “அந்தப் பொண்ணு வர வேணாம்பா. சாரி சொல்லிடு. ஆமா, இங்க பொண்ணு கீது. நல்லா பேசுது.”

பிரபு வெளியே போய் என்ன சொன்னாரோ, அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி வந்தார். “இன்னா ஆச்சு? நடுவுல முறுக்கு வாங்கிக்கினு போனியாமே? இன்னாடி இது?”

“பசிச்சுதும்மா.”

“நல்ல நேரம் பாத்துச்சு உன் வயிறு!”

ஷஃபியுல்லா கதவருகே நின்று சிரித்தார். “நாளைக்கும் கூட்டினு வாங்கம்மா. படகு சீன் பாக்கி கீது.”

அம்மா அவரையும் பொன்மணியையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்குமா?” என்று மட்டும் கேட்டார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

நாளை திங்கட்கிழமை. டீச்சரிடம் சொல்லி மாலை வகுப்புக்கு லீவு வாங்க வேண்டும். ஐந்து மணிக்குப் படகுக் காட்சி. பொன்மணிக்கு மூன்று பக்க வசனம்.