வெள்ளை முத்திரை

காலையில் பல் துலக்கியதும் பிடரித் துளையில் நினைவுப் பக்கத்தைச் செருகிக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். என் கணவர் ஆரோக்கியம் புது வேலை விவரங்களை ஏற்றிக்கொள்ள முந்தைய நாள்தான் பகிர்வகத்தில் ஒரு வெற்றுப் பக்கம் வாங்கியிருந்தார். அதைச் செருகிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர், "ஷீபாவுக்கு ரொட்டி ஓரத்தை வெட்டிட்டியா?" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சொந்தத்திலும் அந்தப் பெயரில் யாருமில்லை.

"யாருங்க ஷீபா?"

"யாரு?" என்று விழித்தார். எனக்கு அது நடிப்பாகவே பட்டது.

"ஓரம் பிடிக்காத மகராசி. எந்த ஆபீசு?"

"சத்தியமா தெரியல ஜெசி. வாயில வந்துருச்சு."

அன்று வேலைக் கூடத்தில் என் கைதான் வேலை செய்தது; மனம் ஷீபாவிடமே இருந்தது. பகிர்வகத்தில் பக்கங்களைச் சுழியாக்குவது என் வேலை. ஒருவர் திருப்பித் தந்த பக்கத்தை முழுக்கத் துடைத்த பிறகே அடுத்தவருக்குத் தர வேண்டும். கேட்டபின் துடைத்தால் வரிசை நீளும். அதனால் கூட்டமில்லாத வேளையில் துடைத்து, வெள்ளை முத்திரை இட்டு அடுக்கிவைப்போம். முத்திரை உள்ளதை மறுபடி துடைப்பதில்லை. ஒரு நாள் இரவலாகப் போகும் பக்கத்துக்கு முத்திரையைக் கலைப்பதும் இல்லை; திரும்பி வந்ததும் துடைக்காமலே அடுக்குக்குப் போய்விடும். ஒரே நாளில் யார் என்ன எழுதிவிடப் போகிறார்கள்?

என் கை நின்றது. சாவு வீட்டார் இரவல் வாங்குவார்களே! தாங்க முடியாத அந்த ஒரு நாளை அதில் இறக்கிவிட்டு, துடைக்கச் சொல்லித் திருப்பித் தருவார்களே!

மாலையில் பக்கம் துடைக்கும் சுழிக்கோலுடன் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக் கட்டில் ஜெசி. சின்னப் பொண்ணு. ஓரத்தை வெட்டிக் குடுக்கேன். ரெண்டு வாய் தின்னுட்டு, 'போதும்ப்பா'ன்னு சிரிக்கா. அப்புறம் போர்வையால மூடிட்டாங்க." பிடரியைக் கையால் பொத்திக்கொண்டார். "துடைச்சிராத."

நினைவு கசிந்தது வெளியே தெரிந்தால் என் வேலை போகும். அவர் தூங்கியதும் துடைத்துவிட்டேன். விடிந்தபோது அவருக்கு எதுவும் நினைவில்லை.

அன்று பகிர்வக முகப்பில் ஒருவர் காத்திருந்தார். சவரம் செய்யாத முகம்.

"போன வாரம் இரவல் பக்கம் வாங்கினேம்மா. எம் பொண்ணு ஷீபா போன நாள் அதுலதான் இருக்கு. கடைசியா என்ன சாப்பிட்டா, என்ன சொன்னான்னு வீட்டுல கேட்டு அழுறா. எனக்கு ஒண்ணுமே நினைவுல இல்ல. துடைச்சாச்சா?"

"துடைச்சாச்சுங்க."

தலையாட்டிவிட்டுத் திரும்பினார். வாசல்வரை போனவரை அப்படியே போகவிட என்னால் முடியவில்லை.

"ரொட்டி," என்றேன். "ஓரம் வெட்டின ரொட்டி. ரெண்டு வாய். 'போதும்ப்பா'ன்னு சிரிச்சா."

அவர் மெல்ல நடந்து திரும்பி வந்தார். கண் நிறைந்திருந்தது. பார்வை மட்டும் என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"