ஆறாவது குழியின் மழைக்கொட்டகை

சாயங்காலம் போனால் கூட்டமே இருக்காது, மைதானம் முழுக்க நமக்குத்தான் என்று ஜெயராஜ் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். கல்யாண நாளுக்கு ஊரில் மற்ற புருஷன்மார் கடலோர ஹோட்டலுக்கு அழைத்துப்போகிறார்கள், தனக்கு வாய்த்தது கோல்ஃப் மட்டையும் வெயிலும்தான் என்று உஷாராணி சலித்துக்கொண்டாள். ஆனால் அம்பாங் வட்டாரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு அழகு. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடமாம்.

மகள் தாமரையைச் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் புஷ்பவல்லி அக்காவிடம் விட்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் வந்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. இருட்டிவிட்டால் அந்தப் பிள்ளை சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

முதல் குழி ஏரிக்கரையோரம். இரண்டாவதில் இருபுறமும் மூங்கில். மூன்றாவதில் உஷாராணியின் பந்து மணலுக்குள் விழுந்து, அவள் வெட்டி எடுத்த மணலில் ஒரு மண்வீடே கட்டியிருக்கலாம். நாலாவது மேட்டில் ஏறியபோது தூரத்தில் நகரத்துக் கோபுரங்கள் புகைமூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தன. ஐந்தாவதில் ஓடையின் மேல் மரப்பாலம். இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள்போலச் சிரித்துக்கொண்டே பக்கி என்கிற அந்தச் சின்ன மைதான வண்டியை ஓட்டிப்போனார்கள்.

ஜெயராஜுக்கு ஒரு பழக்கம். டோல் சாவடி இயந்திரத்துக்குக்கூட நன்றி சொல்வான். பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போடும் பங்களாதேஷ் பையன், லிஃப்டில் வந்த முகம் தெரியாத ஆன்டி, எவராக இருந்தாலும் விடைபெறாமல் வரமாட்டான். இதற்காக உஷாராணி அவனைக் கேலி செய்யாத நாளில்லை.

ஆறாவது குழிக்கு வந்தபோது இடிச் சைரன் அலறியது. அது ஊதினால் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது விதி. பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் தகரக் கொட்டகை ஒன்று தெரிந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, இருவரும் நனைந்துகொண்டே உள்ளே ஓடினார்கள்.

உள்ளே ஆட்கள் இருந்தார்கள். ஆண்கள் நாற்காலிகளில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தரையில். புல் வெட்டும் ஆட்கள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று உஷாராணி நினைத்தாள். யாரோ ஒருவர் கண்ணாடிக் கிளாஸில் கடுங்கோப்பி நீட்டினார். ஜெயராஜ் வாங்கிக் குடித்தான்.

யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை.

அதைக் கவனித்த பிறகுதான் மற்றதெல்லாம் அவள் கண்ணில் பட்டது. பெண்கள் யாரும் கூந்தலை முடிந்திருக்கவில்லை. மூலையில் ஒற்றைத் திரி விளக்கு எரிந்தது. ஊதுபத்தி வாடையும் ஓடிகொலோன் வாடையும் ஈரமண் வாடையோடு கலந்து வந்தன. அவளுடைய அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று வீடு முழுக்க இதே வாடைதான்.

மழை நின்றது. ஜெயராஜ் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"ரொம்ப தேங்க்ஸுங்க. போயிட்டு வரேன்."

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

சாவு நடந்த இடத்தில் அப்படிச் சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வருகிறேன் என்பது இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்பதாகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். இது சாவு வீடு என்று அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். பாதை வளைந்து இறங்கி, மூங்கிலைக் கடந்து, மறுபடி ஏறியது. ஏறிய இடத்தில் குழி எண் எழுதிய பலகை. ஆறு.

பக்கத்தில் தூங்குமூஞ்சி மரம்.

"அலாமாக், தப்பான பக்கம் திரும்பிட்ட லா," என்றான் ஜெயராஜ். அவள் வண்டியை வந்த வழியே திருப்பினாள். மரப்பாலம் வரவேண்டிய இடத்தில் பாலம் வரவில்லை. மரம்தான் வந்தது. வண்டியை விட்டுவிட்டுப் புல்வெளியின் குறுக்கே நடந்தார்கள். ஏரிக்கு அப்பால் கிளப் கட்டடத்தில் விளக்குகள் எரிந்தன, ஒருவர் மேசை துடைப்பதுகூடத் தெரிந்தது. கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவேயில்லை. விளக்குகளைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தார்கள், ஒரு கணமும் கண்ணெடுக்கவில்லை.

தகரக் கூரையின் விளிம்பு அவள் நெற்றியில் இடித்தது.

கைபேசி அடித்தது. புஷ்பவல்லி அக்கா. "எங்க இருக்கீங்க? இருட்டிருச்சு. பிள்ள வாசல்ல நிக்குது. ஹலோ? ஹலோ?" உஷாராணி கத்தினாள். அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. தொடர்பு அறுந்தது.

கொட்டகைக்குள் இப்போது ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

முடி விரித்த ஒரு பெண் எழுந்து வந்தாள். ஜெயராஜைப் பார்த்து, உறவுக்காரியின் உரிமையோடு மெல்லிய குரலில் சொன்னாள்.

"வரேன்னு சொன்னீங்க. வந்துட்டீங்க. உக்காருங்க."

பிறகு உஷாராணியின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒண்ணும் சொல்லலையேம்மா. நீ போலாம்."

ஜெயராஜின் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஓடப்பார்த்தான். கால் நகரவில்லை. ஷூக்கள் புல்லுக்குள் பாதி புதைந்திருந்தன. அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தாள். பறிக்கப் பறிக்க மண் மேலே வந்தது.

ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தாள்.

அவன் சட்டென்று குனிந்து அவள் வாயைப் பொத்தினான். உள்ளங்கை ஐஸாகக் குளிர்ந்தது.

"வேணாம் உஷா. அத மட்டும் சொல்லாத. பிள்ள வாசல்ல நிக்குது." அவன் குரல் உடைந்தது. "ஒண்ணும் சொல்லாம போ. திரும்பிப் பாக்காத."

பதினோரு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவனை, உயிரோடு நிற்கிறவனை, பிணத்தை விட்டுப் போவதுபோல விட்டுப் போகச் சொல்கிறான். அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவன்தான் தள்ளிவிட்டான். அவள் எழுந்து நடந்தாள். பின்னால் அவன் அழுகிற சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

மரப்பாலம் வந்தது.

கிளப் வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பழனியப்பன் அவளைக் கண்டதும் பதறி ஓடிவந்தான். அவள் சொன்னதைக் கேட்டுக் காவலாளிகளோடு போய்த் தேடிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினான்.

"ஆறாவதுல கொட்டகையே இல்லையேக்கா. மரமும் இல்ல." என்றான். "முன்ன அங்க தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயம் இருந்துச்சு. மலை மண்ணு சரிஞ்சு லயமே புதைஞ்ச அன்னிக்கு ஒரு வீட்டுல சாவாம். துக்கத்துக்குப் போனவங்க யாரும் வீடு திரும்பலன்னு சொல்வாங்க. நீங்க போய்ப் பிள்ளையப் பாருங்கக்கா. போலீசுக்குச் சொல்லியாச்சு. நாங்க தேடுறோம்."

செந்தூலுக்கு எப்படி ஓட்டிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாடியேறியதும் தாமரையை வாரி அணைத்துக்கொண்டாள். பிள்ளை சூடாக, முழுசாக, கைக்குள் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"ஏன் அழுவுற?" என்றார் புஷ்பவல்லி அக்கா. "உன் வீட்டுக்காரரு இப்பதானே வந்துட்டுப் போனாரு. உள்ளயே வரல. வாசல்ல நின்னு பிள்ளைய பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லல, அப்படியே எறங்கிப் போயிட்டாரு. அவரு அப்படி ஆளே இல்லையே. சண்டையா?"

படிக்கட்டு ஓடுகளில் ஈரமண் தடங்கள் இருந்தன. ஏறும்போது அவள் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். ஒரு ஜோடி, கோல்ஃப் ஷூவின் பொட்டுப் பொட்டான தடம். அதன் பக்கத்திலேயே இன்னொரு ஜோடி. வெறுங்கால்.

"அப்பா ஒண்ணுமே பேசலம்மா," என்றாள் தாமரை, அவள் தோளில் முகத்தைப் புதைத்தபடி. "கூட வந்தாங்கல்ல, முடி கட்டாத ஆன்டி, அவங்கதான் என் தலையத் தடவிட்டு, போயிட்டு வரேன் கண்ணுன்னு சொன்னாங்க."