பட்டாள வண்டியில் ஆறடிப் பெட்டி!

"வீ...ல்ல்ல்!"

அலறல் திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளையும் ஒரே மூச்சில் ஏறியது. மேலே குரங்குகள் திருடிய தேங்காய் மூடிகளை நழுவ விட்டன.

அலறியது பெண் அல்ல.

முறுக்கு மீசை வெல்டர் கோதண்டபாணி. வயது நாற்பத்தெட்டு!

பட்டறையில் நின்ற பழைய பட்டாள பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். மீசையில் ஒரு துளி விழுந்தது. துடைத்தார்.

சிவப்பு...

இன்னொரு துளி.

ரத்தம்!

வண்டியை ஆவடி ராணுவ ஏலத்தில் எடுத்தவன் பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி மணவாளன். பின்தொட்டி துருப்பிடித்துச் சல்லடையாகக் கிடந்தது. கோதண்டபாணி அதை அறுத்தெறிந்து, ஆங்கிள் சட்டம் போட்டு, தேக்குப் பலகை அடித்து, புதுத்தொட்டி கட்டினார். பீரங்கியையே ஏற்றலாம் என்று ஊரெல்லாம் பீற்றினார். பின்கதவில் வழக்கம்போல் 'கோதண்டபாணி, திருத்தணி' என்று கொட்டை எழுத்தில் வெல்டு வைத்தார். கேட், கலப்பை, தகரக் குழாய், வாளி... அவர் கைபட்ட எதுவும் இந்த முத்திரையிலிருந்து தப்பியதில்லை.

மணவாளன் ஒரு விசித்திரம் கேட்டிருந்தான். தொட்டியின் தரைக்கு அடியில் ரகசியப் பெட்டி. அகலம் ஒன்றரை அடி. நீளம் ஆறடி.

அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

ஆறடி... ஆள் நீளம்!

"பின்கதவு அடிக்கொண்டி லூசா இருக்குதுண்ணே. நான் மலைக்குப் போயி மொட்டை போட்டுகினு வந்துடறேன். அடிப்பெட்டியத் தொடாதீங்க!" இன்று விடியற்காலையில் வண்டியைப் பட்டறையில் விட்டுப் போனபோது மணவாளன் சொன்னது.

மொட்டையா? எந்தப் பாவத்தைத் தொலைக்க?

தூக்குக் கயிறு கண்முன் ஆடியது. பெட்டி செய்தவனும் கூட்டாளிதானே! பெயர், ஊர் வேறு கதவிலேயே இருக்கிறது!

பெட்டியைத் திறந்தார்.

வெள்ளைத் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று!

"அண்ணே... தெறந்துட்டீங்களா?"

பின்னால் மணவாளன். மொட்டைத் தலையில் சந்தனம் பளபளத்தது.

"யா... யாருப்பா இது? பொண்டாட்டியா, பங்காளியா?"

"இன்னாண்ணே உளர்றீங்க?" மணவாளன் துணியை விலக்கினான். சிவப்பு நூல் சுற்றிய உருளை! "தறியில மாட்டற பாவுண்ணே. சாயம் இன்னும் காயல, சொட்டுது."

"நான் அப்பவே நெனச்சேன்!" கோதண்டபாணி கூசாமல் புளுகினார்.

சந்தேகப்பட்டதற்குப் பரிகாரமும் தேடினார்.

"கனகம்மாசத்திரத்துல மதுவிலக்குச் சோதனைக்கு நம்ம ஏட்டு துளசிங்கம் நிப்பாரு. சீட்டு தரேன், காட்டு. சலாம் போட்டு அனுப்புவாரு!"

எழுதினார்: 'பெட்டியில் பாவு மட்டுமே. நானே திறந்து பார்த்தேன். இப்படிக்கு, கோதண்டபாணி.'

வண்டி பறந்தது.

மத்தியானம் மனைவி காஞ்சனா சாப்பாட்டோடு வந்தாள். கதையைக் கேட்டாள். தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"பாவு ஈரமாவா இருந்துச்சு?"

"ஆங். சொட்டிகினு இருந்துச்சு."

"மாமா! நூலச் சாயத்துல தோய்ச்சி, காயவெச்சி, அப்புறம்தான் பாவு ஓடி உருளையில சுத்துவாங்க. ஈர நூலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகினு அறுந்து பூடாதா? நெசவுக்கார வூட்டுப் பொண்ணக் கட்டிகினு இதுகூடத் தெரியலியே!"

அவள் மீசையருகே மூக்கைக் கொண்டு போனாள்.

"இன்னா மாமா... சாராயம் குடிச்சியா?"

"முருகன் மேல சத்தியமா இல்லடி! எனக்கு ஒரு வாசனையும் தெரியலியே!"

இருபது வருஷ வெல்டிங் கார்பைடு நாற்றத்தில் அவர் மூக்கு எப்போதோ காலமாகியிருந்தது.

"அப்போ மீசை மட்டும் தனியா போயி குடிச்சிட்டு வந்துச்சா?"

பட்டறை வாசலில் ஜீப் கிறீச்சிட்டது!

ஏட்டு துளசிங்கம் குதித்தார். கையில் அந்தச் சீட்டு. பின்னாலேயே பிக்கப். அதில் விலங்கு மாட்டிய மணவாளன்!

"நூலுக்குள்ள தகரக் குழாய். குழாய்க்குள்ள ஆந்திராச் சாராயம், அறுபது லிட்டரு! கசிஞ்சி நூல் சாயத்தையே கரைச்சிடுச்சி."

"எ... எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"உன் சீட்டாலதான்யா! முப்பது வருஷ சர்வீஸ்ல பாவுக்கு நற்சான்றிதழ் கொண்டாந்தவன் இவன் ஒருத்தன்தான்!"

"என்னையும் உள்ள வெச்சிடுவீங்களா?" குரல் கோழிக்குஞ்சாகியிருந்தது.

"இன்ஸ்பெக்டரு அதத்தான் சொன்னாரு. நான்தான் தடுத்தேன். 'ஐயா, கூட்டாளி எவனாவது தன் பேரையும் ஊரையும் கதவுல வெல்டு வைப்பானா? இவ்ளோ பெரிய முட்டாளுக்குச் சட்டத்துல செக்‌ஷனே இல்லீங்க'ன்னேன்."

போன உயிர் திரும்பியது. உயிரோடு திமிரும் திரும்பியது. கோதண்டபாணி வண்டியில் கிடந்த குழாயைச் சுண்டினார்.

"ஒழுகுது பாருங்க! எவனோ கத்துக்குட்டி வெச்ச வெல்டு. என்கிட்ட வந்திருந்தா ஒரு சொட்டு ஒழுகுமா?"

ஏட்டு குழாயைப் புரட்டிக் காட்டினார்.

அடியில்... கொட்டை எழுத்தில்...

'கோதண்டபாணி, திருத்தணி'!

"போ... போன மாசம் பள்ளிப்பட்டுக்காரன் ஒருத்தன்... ரெண்டு பக்கமும் அடைச்சித் தரச் சொல்லி..."

"சரி சரி. சாட்சிப் பொருளு சொட்டிகினே இருக்குது. கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள ஓட்டைய அடைக்கணும்" என்றார் ஏட்டு.

கோதண்டபாணி மீசையை முறுக்கிக்கொண்டு பாய்ந்தார். காஞ்சனா குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"வேற ஆளப் பாருங்க ஏட்டய்யா! இவரு அடைச்சா ஜட்ஜுக்கு வெறுங்குழாய்தான் மிஞ்சும்!"