ஊதாக் காளானும் உரித்த வெங்காயமும்

கலினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் ஊதாக் காளானின் குடை. அதை மூடிக் கண்ணாடிக் கிண்ணம். போவாள், எட்டிப் பார்ப்பாள், வருவாள்.

காலையில் காட்டில் அப்பாதான் அதைப் பார்த்தார். "அடிச்சதுடா யோகம்! க்ரீம் ஊத்தி வதக்கினா அமிர்தம்!"

"அப்பா, ஊதாவுல பல வகை இருக்கு. குடையிலிருந்து தூள் உதிரும். வெளிர் ரோஸா உதிரணும். துரு நிறத்துல உதிர்ந்தா சாப்பிடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. சாயங்காலம் வரைக்கும் பொறுங்களேன்!"

"தூளாவது பொடியாவது! ஒரு வெங்காயம் போதும்."

பறித்து வந்த மற்ற ஊதாக் காளான்களை நறுக்கி வாணலியில் போட்டார் அப்பா. நடுவில் உரித்த வெங்காயம் ஒன்று. அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். காளான் விஷமென்றால் வெங்காயம் கறுத்துவிடுமாம்!

வெங்காயமோ வெள்ளை வெளேரென்று இருந்தது. "பாத்தியா? தட்டை எடு!"

தம்பி தீமெக் ஏற்கெனவே தட்டோடு உட்கார்ந்திருந்தான். கலினா அவனைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கரண்டி அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"கரண்டி கிடையாது!"

"கையாலேயே சாப்பிடறேன். செத்தா போயிடுவேன்?" அப்பா வாணலிக்குள் விரலை விட்டார். "ஐயோ, சுடுதே!" விரலை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

அதுதான் சமயம். கலினா கிண்ணத்தை நீக்கிக் குடையைத் தூக்கினாள். தாளில் பழுப்பு வட்டம். துருவேதான்!

"அப்பா, இங்க வாங்க!"

வந்து பார்த்த அப்பாவின் முகம் வெளுத்தது. தீமெக்கின் தட்டைத்தான் முதலில் தள்ளிவைத்தார்.

"வெங்காயம் கறுக்கவே இல்லையே..."

"வெங்காயத்துக்கு என்னப்பா தெரியும்? இது ஊதாச் சிலந்திவலைக் காளான். ரொம்ப அபூர்வம். சமைக்கக் கூடாது. காட்டுல மிச்சம் இருக்கறதையாவது பறிக்காம விடணும்."

"தொடவே மாட்டேன் தாயே!" அப்பா வாணலியைக் குப்பையில் கவிழ்த்தார். பிறகு தீமெக்கைத் தூக்கி மடியில் இறுக்கிக்கொண்டார். இறக்கிவிடவே இல்லை.

"விடுங்கப்பா, பசிக்குது!" என்று அவன் காலை உதைத்தான்.

கலினா மேசையை விட்டு நகர்ந்து முட்டைகளை உடைக்க ஆரம்பித்தாள்.